குழாய் வழியே செல்லும் மருந்து

பரளச்சியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு வழியே அந்தி நேரத்தில் செல்வோர், வேலிக்கருவைப் புதர்களுக்கிடையே மண்மூடிய மேடுகளிலிருந்து நீலப்புகை எழுவதைக் காண்பர். அவை கரிமூட்டங்கள். மழை பொய்த்துப் பருத்தியும் மிளகாயும் மல்லியும் கைவிட்ட ஆண்டுகளில், அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பெரிய வைப்பது இக்கரியே. கட்டைகளை அடுக்கி, செத்தையும் மண்ணும் போர்த்தி, உள்ளே தீ வைத்து, பல நாள் புழுங்கவிட்டுப் பின்னர் பிரித்தெடுப்பர். மூட்டம் பிரிக்கும் நாளில் எழும் தூசியையும் புகையையும் ஏட்டில் எழுதிக் காட்ட இயலாது. நாம் ஒருமுறை ஐந்து நிமிடம் அருகே நின்றோம். அன்றைய மாலைத் திருப்பலியில் மறையுரையை நமது இருமலே ஆற்றியது.

இவ்வேலையில் முப்பது ஆண்டுகளைக் கழித்த தாய் ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். பீடியைத் தொட்டறியாதவர். பகலெல்லாம் மூட்டத்துப் புகை, காலையும் மாலையும் விறகடுப்புப் புகை என்று அவரது நுரையீரல் புகையிலேயே ஊறிவிட்டது. நாலெட்டு நடந்தால் மூச்சு வாங்கும். டாக்டர் ஒருவர் பரிசோதித்து, இது நெடுநாள் மூச்சடைப்பு நோய் என்று கூறி, கையில் பிடித்து அழுத்தி உறிஞ்சும் இன்ஹேலர் ஒன்றைக் கொடுத்தார். நம் மக்கள் அதைப் 'பம்பு' என்பார்கள். இரண்டு மாதம் நன்றாயிருந்தது. பிறகு அண்டை வீட்டார், "பம்பு பழகிப்போச்சுன்னா சாகுற வரைக்கும் விடாது" என்று சொல்லவே, அவர் அதை மாடத்தில் வைத்துவிட்டார். அந்த மார்கழிப் பனியில் மூச்சிரைப்பு முற்றி, நீலம் பூத்த உதடுகளுடன் 108 வண்டியில் மதுரைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அன்றிரவே தொண்டையில் குழாய் இறக்கி, அவரைச் செயற்கைச் சுவாசக் கருவியில் இணைத்தார்கள்.

மறுநாள் நாம் நோயிற்பூசுதல் அருட்சாதனம் வழங்கச் சென்றோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் மகளும் மருமகனும் தரையில் அமர்ந்திருந்தனர். மருமகன் எழுந்து வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "மிசின் வச்சாச்சுன்னா அம்புட்டுத்தானாம் சாமி. உயிர் இருக்கும்போதே ஒரு வண்டி பிடிச்சு ஊருக்குக் கொண்டுபோயிருவமா?" மகளின் கேள்வியோ வேறு. "சாமி, பம்ப வாயில வச்சு நல்லா உறிஞ்சணும்னு முன்ன டாக்டர் சொன்னாரு. இப்ப எங்கம்மாவுக்கு நெனவே இல்ல. வாயெல்லாம் குழாயா இருக்கு. எப்படி உறிஞ்சுவாங்க? மருந்து எப்படி உள்ள போகும்?"

குருமடத்தில் இலத்தீனும் இறையியலும் பயின்ற நமக்கு இதற்கு விடை தெரியவில்லை. ஆயினும் மகளின் கேள்விக்கு விடை தெரியாமல் மருமகனின் கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்பது மட்டும் விளங்கிற்று. மருந்து உள்ளே போகுமானால் நம்பிக்கை உண்டு. போகாதெனில் கருவி வெறும் காற்றைத்தான் அடிக்கிறது. ஆகவே டாக்டரிடம் கேட்டோம். அங்குப் பணிபுரிந்த அருட்சகோதரி ஒருவரிடமும் கேட்டோம். பின்னர் நூல்களைத் தேடிப் படித்தோம். அறிந்தவற்றை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம். ஏனெனில் இன்று எந்தக் குடும்பமும் அந்த வாயிலில் அமர நேரலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கொள்வோம். சுவாசக் கருவி மருந்தன்று. நோயாளியின் தசைகள் களைத்துப்போனபோது அவற்றின் வேலையைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும் துருத்தி அது. கொல்லன் உலையில் துருத்தி காற்றை ஊதுவது போலக் கருவி காற்றையும் பிராணவாயுவையும் நுரையீரலுக்குள் தள்ளுகிறது. சுருங்கிக் கிடக்கும் மூச்சுக் கிளைக்குழல்களை விரிப்பது அதன் வேலையன்று. அது மருந்தின் வேலை. கருவி வாங்கித் தருவது அவகாசம்.

இக்கருவிமுறை பரவிய கதை உருக்கமானது. 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொடிய கொள்ளைநோயாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளில் முதல் மூன்று வாரத்துக்குள் 31 பேரில் 27 பேர் இறந்தனர். உடலைப் பெட்டிக்குள் அடைத்து மூச்சு வாங்கச் செய்யும் 'இரும்பு நுரையீரல்' அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்று இருந்தது. அப்போது பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து டாக்டர், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் அமர்ந்து பையை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மாணவர்களின் கைகள் செய்ததையே இன்று கருவி செய்கிறது.

ஆனால் இம்முறையில் ஒரு சிக்கல் பிறந்தது. நாம் இழுக்கும் காற்றை மூக்கு சூடாக்கி, ஈரமாக்கி, தூசி நீக்கி உள்ளே அனுப்புகிறது. குழாய் நேரே மூச்சுப்பாதையில் இறங்கியதும் மூக்கின் ஊழியம் நின்றுவிடுகிறது. வறண்ட காற்று சென்றால் சளி இறுகிக் குழாயை அடைத்துவிடும். ஆகவே காற்றைச் சூடாக்கி ஈரமூட்டும் ஏற்பாடோ, நோயாளி வெளிவிடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்துத் திருப்பித் தரும் சிறு வடிகட்டியோ குழாயின் பாதையில் வைக்கப்படுகிறது. இவ்விரண்டையும் வாசகர்கள் மனத்திற்கொள்க. உயிர் காக்கும் இவையே உள்ளிழுக்கும் மருந்துக்குத் தடையாகவும் நிற்பவை.

இனி மருந்தைப் பற்றி. புகையால் கெட்ட மூச்சுக்குப் புகையையே மருந்தாக்கிய காலம் ஒன்று உண்டு. நம் ஊர்க் குப்பைமேடுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் முள்காயுடன் வளரும் ஊமத்தையை யாரே அறியார்? அதைப் புகைத்தால் இளைப்பு தணியும் என்பது இந்நாட்டில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். நுங்கம்பாக்கத்தில் பெரும் பயிர்த்தோட்டம் வைத்து வளர்த்த தாவரப் பித்தர். இம்முறையை அவர் கற்றுக்கொண்டு பிறருக்கும் பரிந்துரைத்தார். 1802ஆம் ஆண்டில் ஜெனரல் ஜென்ட் என்பார் வழியாக அது பிரிட்டனைச் சென்றடைந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக ஐரோப்பாவில் ஊமத்தை இலைச் சுருட்டுகள் இளைப்பு நோய்க்கு மருந்தாக விற்கப்பட்டன. சென்னப்பட்டணத்திலிருந்து உலகுக்குச் சென்ற மருத்துவம் இது. பாடநூல்களில் ஏனோ இடம் பெறவில்லை.

உடனே ஒரு எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும். ஊமத்தை கொடிய நஞ்சு. எவரும் அதைப் புகைக்கவோ அரைத்துக் குடிக்கவோ துணியலாகாது. சித்தம் பேதலித்து உயிர் போகும். அதிலுள்ள அட்ரோபின் முதலிய பொருள்களே மூச்சுக்குழலைத் தளர்த்துகின்றன. அவையே மூளையையும் இதயத்தையும் கலக்குகின்றன. (பருத்திக் காட்டுப் பூச்சிமருந்து உடலுள் சென்றோருக்கு ஊசிவழி ஏற்றி உயிர் மீட்பதும் இந்த அட்ரோபினே. நஞ்சுக்கு நஞ்சு!) விஞ்ஞானிகள் அட்ரோபினை மாற்றியமைத்து இப்ராட்ரோபியம் என்னும் மருந்தை உருவாக்கினார்கள். அது நுரையீரலிலேயே பெரிதும் தங்கி, உடலின் பிற பகுதிகளுக்கு மிகக் குறைவாகவே செல்வதால் மூளையைக் கலக்குவதில்லை. சால்பியூட்டமால் என்னும் மற்றொரு மருந்துடன் இது சேர்த்துத் தரப்படுவது இன்று வழக்கம். மதுரையில் அந்தத் தாய்க்குக் கொடுக்கப்பட்ட சிறு பிளாஸ்டிக் குப்பியிலும் ஊமத்தையின் இந்தப் பேரப்பிள்ளை இருந்தது.

இம்மருந்து உள்ளே செல்லும் வாகனங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று நெபுலைசர்: கிண்ணத்தில் மருந்து நீரை ஊற்றி, அழுத்தக் காற்றால் அதை மூடுபனி போலாக்குவது. மற்றொன்று நாம் முன் சொன்ன பம்பு. 1955ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றின் தலைவரான ஜார்ஜ் மைசனிடம், இளைப்பு நோயால் வருந்திய அவரது பதின்மூன்று வயது மகள், தலைமுடிக்குத் தெளிக்கும் பொருளைப் போல என் மருந்தும் டப்பாவில் அடைத்து வரக்கூடாதா என்று கேட்டாளாம். மறுவருடமே அது கடைக்கு வந்துவிட்டது. குழந்தைகள் கேட்பதைச் சற்றுச் செவிமடுத்தால் நல்லதே.

எந்த வாகனமாயினும் மருந்துத் துளி மிக நுண்ணியதாயிருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒன்று முதல் ஐந்து கூறு வரையுள்ள அளவு. அதனினும் பெரிய துளி வளைவுகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியதோ உள்ளே தங்காமல் வெளிமூச்சோடு திரும்பிவிடும். தானே மூச்சு விடுவோருக்கே மருந்தில் பெரும்பகுதி வீணாகிறது. கருவியில் இருப்போரின் நிலை இன்னும் கடினம். நெளிகுழாய், இணைப்பு வளைவு, பின்னர் சுண்டுவிரலினும் ஒடுங்கிய தொண்டைக்குழாய் ஆகிய இத்தனையையும் கடக்க வேண்டும். போதாததற்கு, ஈரமூட்டிய சூடான காற்றில் துளிகள் நீர் கோத்துப் பருத்துக் குழாய்ச் சுவரிலேயே படிகின்றன. இந்த ஈரத்தால் மட்டுமே மருந்தின் வரவு ஐந்தில் இரண்டு பங்கு அல்லது அதற்கு மேலும் குறைந்துவிடுவதாகக் கண்டிருக்கிறார்கள்.

1985ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதை அளந்து காட்டிற்று. நெபுலைசரில் ஊற்றிய மருந்தில், தானே மூச்சு விடுவோரின் நுரையீரலில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு சேர்ந்தது. கருவியிலிருந்தோருக்குச் சேர்ந்தது 3 பங்குக்கும் சற்றுக் குறைவு. அக்காலத்து டாக்டர்கள் பலர், கருவியில் இருப்பவருக்கு உள்ளிழுக்கும் மருந்து பெரிதும் பயன்படாது என்று எண்ணியதில் வியப்பில்லை.

இதன்பின் நிகழ்ந்ததே நம்மை மிகவும் சிந்திக்கச் செய்தது. 1990இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள், பம்பைக் குழாயில் நேரே பொருத்தாமல் இடையே ஓர் அறையை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். நெபுலைசர் வழி நூற்றுக்கு 1.22 பங்கே சென்றபோது, இவ்வழியில் 5.65 பங்கு சென்றது. 1993இல் அமெரிக்காவில் இன்னொரு குழுவினர் அந்த அறையை வைக்காமல், தொண்டைக்குழாயின் முனையிலிருந்த வளைவில் பம்பை நேரே பொருத்தி அழுத்தினார்கள். ஒரு முறையன்று, பத்து முறையன்று. 100 முறை வரை அழுத்தினார்கள். மூச்சுக்குழலின் இறுக்கம் சற்றும் தளரவில்லை! 1996இல் ராஜீவ் தாண்ட் என்னும் நம் நாட்டுப் பெயர் தாங்கிய மருத்துவரும் அவருடைய தோழர்களும் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திப் பார்த்தனர். மூச்சு உள்ளே செல்லும் குழாயில் அறையைப் பொருத்தி, கருவி மூச்சைத் தள்ளத் தொடங்கும் அதே நொடியில் அழுத்தி, சற்று இடைவெளி விட்டு அடுத்ததை அழுத்தினார்கள். நான்கு அழுத்தல்களே போதுமாயிருந்தன. அதற்கு மேல் கொடுத்ததால் கூடுதல் பயன் இல்லை.

நூறு பயனற்றுப் போன இடத்தில் நான்கு போதுமாயிற்று. மருந்து அதேதான், கருவியும் அத்தகையதேதான். வைத்த இடமும் அழுத்திய நொடியும் மாறின, அவ்வளவே.

இதைப் படித்த பிறகுதான் அருட்சகோதரி சொன்ன ஒரு நிகழ்ச்சியின் முழுப் பொருளும் நமக்கு விளங்கிற்று. ஊரும் பேரும் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை. அவர் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், கருவியிலிருந்த ஒருவருக்கு நாலு மணிக்கொரு முறை நெபுலைசர் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளாகியும் மார்பில் விசில் ஓசை குறையவில்லை. மருந்தின் அளவைக் கூட்டினார்கள், அப்போதும் குறையவில்லை. மூன்றாம் நாள் இரவுப் பணிக்கு வந்த பயிற்சிச் செவிலியப் பெண் ஒருத்தி, குழாயின் நடுவிலிருந்த ஈரம் காக்கும் வடிகட்டியைத் தொட்டுப் பார்த்து, "சிஸ்டர், இது ஏன் இவ்வளவு கனக்கிறது?" என்று கேட்டாள். நெபுலைசருக்கும் நோயாளிக்கும் இடையே இருந்த அந்த வடிகட்டியை, மருந்து கொடுக்கும் நேரத்தில் கழற்றி வைக்க வேண்டும் என்பது எவர் நினைவுக்கும் வரவில்லை. இரண்டு நாள் மருந்தையும் நோயாளிக்குப் பதிலாக வடிகட்டி உறிஞ்சியிருந்தது. கழற்றிவிட்டுக் கொடுத்ததும் விடிவதற்குள் மூச்சு இளகிற்று. "ஏட்டில் எல்லா வேளையும் 'மருந்து கொடுக்கப்பட்டது' என்றுதான் எழுதியிருந்தோம், ஃபாதர்" என்றார் சகோதரி. அதைச் சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை மதுரையில் நம் பங்குத் தாயின் படுக்கையருகே நின்றபோது, ஒரு செவிலியர் மருந்து கொடுப்பதைக் கவனித்தோம். முதலில் குழாயிலிருந்த சளியை உறிஞ்சி அகற்றினார். வடிகட்டியைக் கழற்றினார். நெபுலைசர்க் கிண்ணத்தை மூச்சு உள்ளே செல்லும் குழாயில், நோயாளியின் வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பொருத்தினார். அது சாய்ந்தால் மருந்து மூலையில் தேங்கிவிடும் என்பதால் நிமிர்ந்து நிற்கும்படி குழாயை ஒரு துணிச்சுருளால் தாங்க வைத்தார். மூடுபனி எழுந்தது. அவர் அப்பால் போகவில்லை. கருவியின் திரையையும் நோயாளியின் மார்பையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றார். இடையில் கிண்ணத்தை விரலால் இருமுறை சுண்டினார். முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வடிகட்டியை மறக்காமல் திரும்பப் பொருத்தினார். இவை முடிய கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று.

வெளியே வந்து மகளிடம் சொன்னோம்: "உன் தாய் உறிஞ்ச வேண்டியதில்லை அம்மா; கருவி ஊதும் மூச்சிலேயே மருந்து ஏறிச் செல்கிறது. கொஞ்சந்தான் போகும், ஆனால் போகிறது. நாம் கண்ணால் கண்டோம்." மருமகனிடமும் பேசினோம். ஒரு காலத்தில் குருவானவர் எண்ணெய்ச் சிமிழுடன் படியேறினாலே, 'அவஸ்தைப்பூசுதலுக்கு வந்துவிட்டார், இனி ஆள் பிழைக்காது' என்று வீட்டார் அழத் தொடங்குவார்கள். நோயாளி குணமடைய வேண்டித்தான் பூசுகிறோம் என்று விளக்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இன்று அதே அச்சம் கருவியின்மேல் வந்திருக்கிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் மயக்கமருந்து வல்லுநர்களிடம் பேசுகையில், நம்பிக்கைக்கே இடமில்லாத நிலையில் அசாதாரண வழிகளைத் தொடரும் கடமை யாருக்கும் இல்லை என்று தெளிவுபடுத்தினார். ஆகவே கருவியை எந்நாளும் அகற்றக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நம்பிக்கை உண்டா இல்லையா என்பதை வாயிலில் நின்று கேட்கும் வதந்தியால் முடிவு செய்யலாகாது. டாக்டரிடம் நேரே கேட்க வேண்டும். அவர் கேட்டார். அடைப்பு மருந்தால் இளகக்கூடியது, ஒரு வாரம் பொறுங்கள் என்று டாக்டர் சொன்னார். வண்டி பிடிக்கும் பேச்சு அத்துடன் நின்றது.

இத்துறை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நுண்துளைத் தகடு அதிர்வதால் மருந்தைத் துளியாக்கும் புதுவகை நெபுலைசர்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு அழுத்தக் காற்று வேண்டாம், கிண்ணத்தில் மீதமாகும் மருந்தும் குறைவு. மூச்சை விரிக்கும் மருந்து மட்டுமன்றி, கிருமியை ஒடுக்கும் மருந்தும் இவ்வழியே செலுத்தப்படுகிறது. பல நாள் கருவியில் இருப்போருக்கு வரும் நிமோனியா பேராபத்து. 2023இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ஏறத்தாழ 850 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு அமிக்காசின் மருந்தை மூன்று நாள் மட்டும் மூடுபனியாகக் கொடுத்தார்கள். மருந்தில்லா நீர்மூட்டம் பெற்றோரில் நூற்றுக்கு 22 பேருக்கு அந்த நிமோனியா வந்தது. மருந்து பெற்றோரில் 15 பேருக்கு வந்தது.

வீட்டில் நெபுலைசர் வைத்திருப்போருக்கு ஒரு சொல். கிராமங்களில் ஒரு தெருவுக்கு ஒரு நெபுலைசர் என்று இரவல் போவதைக் காண்கிறோம். இரக்கம் நல்லது, ஆனால் முகமூடியும் கிண்ணமும் ஆளுக்கு ஆள் தனித்தனியே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்தாத கிண்ணத்தில் கிருமி பெருகி, அடுத்த முறை மருந்தோடு அதுவும் நுரையீரலுக்குள் போகும். பம்பு பழகிப்போகும் என்பது வெறும் கதை. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை எடுப்பவருக்கு அது அடிமைத்தனம் அன்று. வாய்க்கும் பம்புக்கும் இடையே வைக்கும் ஸ்பேசர் அறையைச் சுமை என்று வீசிவிடாதீர்கள். கனடாவில் கருவிக்குழாயில் வைத்த அறை செய்ததையே அது உங்கள் வாயருகே செய்கிறது.

அந்தத் தாய்க்கு ஆறாம் நாள் தொண்டைக்குழாயை எடுத்தார்கள். பொங்கலுக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். அண்மையில் பரளச்சிப் பக்கம் நற்கருணை கொண்டு சென்றபோது அவரது வீட்டிலும் நுழைந்தோம். மாடத்திலிருந்த பம்பு இப்போது இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கிறது. நாம் கேளாமலேயே அதை எடுத்துக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, மெல்ல இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்துக் காட்டினார். மகள் தாதியைப் போல அருகில் நின்று எண்ணினாள்.

புறப்படும்போது அவரது சேலை முந்தானையில் கரித்தூள் படிந்திருப்பதைக் கண்டோம். மூட்டத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டோம். "போகாம என்ன சாமி செய்ய? இந்த வருசமும் கண்மாயில தண்ணி இல்ல. வேற வேல எங்க இருக்கு?" என்றார். மூட்டம் பிரிக்கும் நாளில் மட்டும் போவதில்லையாம். அன்றைக்கு மருமகன் போகிறாராம்.